மூளையும் உயிருணர்வும்

உயிர் உடம்பின் வேறாய் நிற்பதோ, அன்றி உடம்பினுள் ஒரு கூற்றின் தொழிற்பாடே உயிரெனப் பெயர்பெற்றதோ என்னும் ஆராய்ச்சி நம் மெய்ந்நூல்களுக்குப் புதிதன்று. அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்தில் மறுக்க எடுத்துக்கொண்ட சமயங்களுள் முதற்கண் நிறுத்தியது உலகாயதத்தையே. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தை உயிருண்மை நிறுவுதற்கென்றே வகுத்தார். ஆகலின், மூளையே உணர்வு என இக்காலத்தார் கூறக் கேட்டு நம்மவருட் சிலர் புதிய பகை வந்ததென அஞ்சுதலும், வேறு சிலர் 'இது பழைய உலகாயதமே, முன்னரே மறுக்கப்பட்டது' எனக் கூறி ஏட்டைக் கட்டிவைத்தலும் ஒருங்கே பொருந்தாவாம். பழைய உலகாயதர்க்கு இல்லாத சான்றுகள் இக்காலத்தார் கையில் உள. அவற்றை நேர்நின்று நோக்காது பெறும் வெற்றி வெற்றியன்று.

யாம் இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. யாம் வாழ்வது விருதுநகரை அடுத்த சிற்றூர். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்கு எம்மூரிலிருந்து நாடோறும் விடியுமுன் வண்டியேறிப் போவார் பலர். வெடிக்கும் கலவையை இப்பக்கத்தார் 'மருந்து' என்றே வழங்குவர். மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல் என்பன இங்குள்ளார் நாவிற் பயின்ற சொற்கள். கடந்த ஆண்டு ஆனித் திங்களில் அங்ஙனம் மருந்து கலக்கப் போன எம் தெருவினர் ஒருவர், அறை வெடித்தபொழுது வெளியே எறியப்பட்டுக் கற்சுவரில் தலை மோதி வீழ்ந்தார். மதுரை மருத்துவமனையொன்றில் மூன்றாம் நாள், மூளை முற்றும் செயலற்றது போலும் என்றும், இரு முறை சோதித்து உறுதி செய்யப்படும் என்றும், உறுதியாயின் உறுப்புக்களைப் பிறர்க்கு வழங்க இசைவீர்களா என்றும் மருத்துவர் கேட்டனர். யாமும் காணச் சென்றிருந்தோம். அவர் மனைவியார் எம்மை நடைக்கு அழைத்து, "ஐயா, நெஞ்சு அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு. அவுக உள்ள இருக்காகளா, போயிட்டாகளா?" என்று கேட்டார்.

நாற்பதாண்டு சித்தாந்தம் பயிற்றியவர்க்கு இதனின் எளிய வினா வேறில்லை என அன்றுகாறும் எண்ணியிருந்தோம். உயிர் உடம்பின் வேறு, அது அழியாது, வினைக்கீடாக வேறுடம்பு எடுக்கும் எனத் தொடங்கினோம். அவ்வம்மையார் சிறிது பொறுத்துக் கேட்டிருந்து, "அதெல்லாம் சரிங்கய்யா. கையெழுத்துப் போடவா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க" என்றார். எமக்கு விடை வந்திலது. நூல் கூறுவதனை யாம் கூறினோம். அவர் கேட்டதற்கு யாம் விடை கூறவில்லை. அவ்விரவு எண்ணியனவும், பின்னர்ப் பல திங்கள் மாபாடியத்தை மீளப் பயின்று தெளிந்தனவும் ஈண்டு எழுதப்படுகின்றன.

முதலில் மாற்றார் வலியை உள்ளவாறு கூறுவோம். 1848 செப்டம்பர் 13-ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் காவெண்டிஷ் என்னும் ஊரருகே, இருப்புப்பாதைக்காகப் பாறை உடைக்கும் பணியில் வெடிமருந்தை இருப்புக்கோலால் இடித்துச் செறித்துக்கொண்டிருந்தார் பினியாஸ் கேஜ் என்பவர். மருந்து தீப்பற்றி, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 6 கிலோ எடையும் உள்ள அக்கோல் அவர் இடக் கன்னத்தின் கீழ்ப் புகுந்து தலையுச்சியின் வழி வெளிப்போயிற்று. அவர் இறந்திலர், 1860 வரை வாழ்ந்தார். ஆயின் முன்னர்ப் பொறுப்பும் அமைதியும் உடையவராயிருந்தவர் பின்னர் வசைமொழியும் நிலையில்லாத உள்ளமும் உடையராயினார் எனவும், நண்பர்கள் அவரைப் பழைய கேஜ் அல்லர் என்றனர் எனவும் அவர்க்கு மருத்துவம் பார்த்த ஹார்லோ எழுதிவைத்தார். (பிற்காலத்து அவர் சிலி நாட்டில் குதிரைவண்டி செலுத்திப் பிழைத்தமை நோக்க, ஓரளவு தேறினார் என்றே கொள்ளவேண்டும், இப்பகுதியைச் சொல்லாது விடுவார் பலர்.) ஓர் இருப்புக்கோல் ஒருவனது ஒழுக்கத்தை மாற்றுமாயின், ஒழுக்கம் இருந்த இடம் மூளையன்றோ என்பர் மாற்றார். அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. மயக்க மருந்து ஒருசிறிது ஏற உணர்வு மறைகின்றது. கள்ளுண்டார்க்கு நாணம் போகின்றது. முதுமையில் மூளை தேய, தாய் தன் மகனை யாரென வினவுகின்றாள். இவற்றை எல்லாம் கண்டுவைத்து மூளைக்கும் உணர்வுக்கும் தொடர்பில்லை என்பவனோடு யாம் வாதிட விரும்பேம்.

எம் நண்பர் ஒருவர் விருதுநகரில் வேதியியல் கற்பித்து ஓய்ந்தவர், கடவுட் கொள்கை இல்லாதவர், நல்லவர். அவர் எமக்குக் காட்டிய உவமை இப்பக்கத்திற்கே உரியது. "வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. மூன்றையும் தனித்தனியே கையில் வைத்திரும், ஒன்றிலும் வெடிப்பில்லை. அளவறிந்து கூட்டித் தீ வையும், வெடி பிறக்கின்றது. வெடி இதற்கு முன் எங்கிருந்தது? வெடித்தபின் எங்குப் போயிற்று? உணர்வும் அத்தகையதே" என்றார். மணிமேகலையிற் பூதவாதி தாதகிப்பூவும் கட்டியும் கூடக் கள்ளின் களிப்புப் பிறத்தலைக் காட்டினான். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடச் செம்மை பிறத்தலைப் பிறர் காட்டினர். எம் நண்பர் சிவகாசிக்கேற்ப மருந்தைக் காட்டினார், வாதம் ஒன்றே. ஆயினும் இவ்வுவமை முன்னையவற்றினும் வலியுடையது. ஏனெனில் இதன் உள்ளீடு முழுவதும் இன்று அறியப்பட்டுள்ளது.

அறியப்பட்டமையே இவ்வுவமைக்குக் குறையும் ஆயிற்று என்பது எம் கருத்து. வெடியுப்பு தன்னுள் உயிர்வளியை மிகுதியாகக் கட்டிவைத்திருக்கின்றது. கரியும் கந்தகமும் எரியும் இயல்பின. சூடேற உயிர்வளி விடுபட்டு அவற்றை நொடியில் எரிக்க, பிறந்த வளிகள் தாம் நிற்க இடமின்றி விரிந்து காற்றை உதைக்கின்றன, அவ்வுதையே ஓசை. இதில் எப்படியிலும் இடைவெளி இல்லை. கூறுகளின் இயல்பை அறிந்தான் வெடியை முன்கூட்டிக் கணக்கிட்டுச் சொல்லலாம்; ஆலைகளில் அங்ஙனமே செய்கின்றனர். அசையும் பொருளினின்று வேறோர் அசைவு பிறந்தது, இல்லது தோன்றவில்லை. உள்ளதே விளங்கிற்று என்னும் நம் சற்காரியவாதத்திற்கு இதனின் நல்ல எடுத்துக்காட்டு எம் நண்பரே தேடினும் கிடையாது. இனி, நரம்பணுக்களின் மின்னசைவினின்று நோவு என்னும் அறிதல் பிறக்கின்றது என்பார் அங்ஙனம் படிப்படியாகக் காட்டவல்லரோ எனின், இன்றுகாறும் வல்லரல்லர். அசைவு எத்துணை நுண்ணிதாயினும் அசைவே. அது எவ்விடத்தில், எவ்வாற்றான் 'நோகின்றது' என்பதாயிற்று என்பதற்கு ஒரு படியும் காட்டப்படவில்லை. இவ்விடைவெளியை மேனாட்டாரே மறைப்பதில்லை. டேவிட் சாமர்ஸ் என்னும் மெய்யியலார் 1995-இல் இதுவே அரிய சிக்கல் என எடுத்துரைத்தார். உணர்வுக்குரிய நரம்புக்குறி 25 ஆண்டிற்குள் தெளிவாகக் காணப்படும் என மூளைநூலார் கிறிஸ்டாப் கோக் 1998-இல் அவரோடு பந்தயம் கட்டினார். 2023-இல் தாம் தோற்றதாக ஒப்பி, பந்தயப் பொருளாகிய மதுப்புட்டிகளைக் கொடுத்தார். பந்தயப் பொருள் நமக்கு வேண்டா. ஒப்புக்கொண்ட நேர்மை வேண்டும்.

ஈண்டு நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை. மாற்றார் இன்னும் விளக்கிற்றிலர் என்பதொன்றையே பற்றுக்கோடாக்கி உயிரை நிறுவுதல் ஆற்றங்கரை மரம் போல்வது. நாளை வெள்ளம் வரின் வேர் பறியும். நம் ஆசிரியர் அங்ஙனம் நிறுவினாரல்லர்.

பொதுவாக மேடைகளில் விடையாகக் கூறப்படுவது வீணையும் வீணைவாணனும் என்னும் உவமை. நரம்பறுந்தால் இசை நிற்கும். வாணன் இறந்திலன் என்பர். கேட்டார் தலையசைப்பர். ஆயின் கேஜ் போன்றார் செய்தி இதற்கு அடங்குமோ? ஆண்டுக் கெட்டது இசை மாத்திரமன்று. வாணனது விருப்பும் குணமும் அல்லவோ மாறின? வீணையை உடைத்தால் வாணன் கொடியனாவதுண்டோ? மேலும் வீணையின்றித் தெருவில் நடக்கும் வாணனை நாம் காண்கின்றோம். மூளையின்றி நடக்கும் உயிரைக் கண்டார் யார்? இவ்வுவமை மாற்றார்க்கு வழிதிறந்து விடுகின்றது.

நம் நூலின் விடை வேறு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் மாயேயம்; அசித்து; தாமாக ஒன்றையும் அறியாதன. பற்றுதலும், நிச்சயித்தலும், யானென எழுதலும், நினைத்தலும் ஆகிய தொழில்களை நாம் உயிரின் இயல்பெனக் கொண்டதே இல்லை. சடமாகிய கருவிகளின் தொழிலென்றே கொண்டோம். 17-ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் எண்ணுதலே உயிரின் தன்மை என வரையறுத்தமையால், எண்ணம் மூளையைப் பற்றியது எனச் சான்று வருந்தோறும் அவர் வழியினர் ஒவ்வோரடியாகப் பின்வாங்க நேர்ந்தது. நமக்கு அவ்விடர் இல்லை. நினைவு மூளைக் கூற்றொன்றில் அழிந்தது எனின், சித்தத்தின் பருநிலைக் களம் அழிந்தது என்போம். துணிவு கெட்டது எனின், புத்தியின் களம் கெட்டது என்போம். மெய்கண்டார் நான்காஞ் சூத்திரத்தில் உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என நிறுவியது இதற்கே. கருவி சடமாதலின் சடத்தால் தாக்குண்ணும்; இருப்புக்கோல் அதனைத் துளைத்தல் வியப்பன்று.

இதனைக் கேட்ட எம் நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்து, "நினைவைக் கொடுத்தீர், துணிவைக் கொடுத்தீர், குணத்தையும் கொடுத்தீர். உமது உயிர்க்கு எஞ்சியது யாது?" என்றார். நல்ல வினா. இவ்வினாவிற்காகவே யாம் அவரோடு நட்பைப் பேணி வருகின்றோம்.

எஞ்சியது அறிதல் ஒன்றே. 'எனது கை', 'எனது உடல்', 'எனது புத்தி' எனப் பிரித்துக் கூறுதலின் உடையவன் வேறு என்பது ஆசிரியர் கூறிய ஏதுக்களுள் ஒன்று. எம் நண்பர் உடனே "எனது உயிர் என்றும் கூறுகின்றீரே" என்றார். அது உபசார வழக்கெனச் சமாதானம் கூறலாம். ஆயினும் இவ்வோர் ஏது தனித்து நின்று முழுப் பாரத்தையும் தாங்கும் என யாம் வாதிடோம். இதனினும் வலியது ஐம்புலனையும் ஒருவன் அறிதல் என்னும் ஏது. தெருவில் ஒரு வெடி வெடிக்கின்றது. ஒளியைக் கண் பற்றுகின்றது, ஓசையைச் செவி பற்றுகின்றது, கந்தக நாற்றத்தை மூக்குப் பற்றுகின்றது. கண் கேளாது, செவி காணாது. ஆயினும் 'இவ்வொரு வெடி' என அறிபவன் ஒருவனே. ஆசிரியர் காலத்தில் இது பொறிகளைப் பற்றியே கூறப்பட்டது. இக்கால மூளைநூல் இதனை இன்னும் ஆழமாக்கிற்று: காட்சிக்குரிய பகுதி தலையின் பின்புறம், கேள்விக்குரிய பகுதி பக்கங்களில், மணத்திற்குரியது வேறிடத்தில். இவை யாவும் வந்து கூடி ஒன்றாகும் அரியணை போன்ற ஓரிடம் மூளையில் காணப்படவில்லை. கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் அறுவை செய்த வைல்டர் பென்பீல்டு, நோயாளர் விழித்திருக்கவே மூளையின் மேற்புறத்தை மின்முனையால் தொட்டுத் தொட்டு ஆராய்ந்தார். ஓரிடத்தில் தொடக் கை எழுந்தது; நோயாளர் அதனைத் தாம் செய்யவில்லை, மருத்துவரே செய்தார் என்றனர். மற்றோரிடத்தில் தொடப் பழங்காட்சிகள் தோன்றின. ஆயின் தொட்டு ஒருவனைத் துணியச் செய்யும் இடம் ஒன்றும் அவர்க்குக் கிடைத்திலது. மூளையாலேயே மனத்தை விளக்கிவிடலாம் என்னும் நோக்கோடு வாழ்நாளெல்லாம் உழைத்த அவர், 1975-இல் வெளியிட்ட நூலில், இரண்டும் வேறெனக் கொள்ளுதலே எளிதென எழுதினார். ஒருவர் கூற்று பிரமாணமாகாது. அவர்க்குப் பின்வந்தோர் பலர் அவரோடு உடன்படவில்லை. ஆயினும், செயல் நிகழ்ந்தும் 'யான் செய்திலேன்' எனப் பிரித்தறிந்தது எது என்னும் வினா அங்கே கிடக்கின்றது.

இனி மாற்றார் கூறத்தக்க கடுமையான தடை ஒன்றுளது. எம் நண்பர் கூறாமையின் யாமே கூறுகின்றோம். கருவிகள் ஒழிந்த கேவலத்தில் உயிர் ஒன்றையும் அறியாது ஆணவ இருளிற் கிடக்கும் என்பது நம் கொள்கை. அறியாது கிடக்கும் உயிருக்கும், இல்லாத உயிருக்கும் வேற்றுமை யாது? மூளை போனால் அறிவு போம் என்கின்றான் அவன். மூளை போனால் அறிதல் நிகழாது என்கின்றோம் நாம். சொல்லளவில் அன்றி வேறு உண்டோ? உண்டு. நள்ளிருளில் ஓரறையில் ஒரு கண்ணும் ஒரு கல்லும் உள. கண் காணவில்லை, கல்லும் காணவில்லை. விளக்கேற்றியவழிக் கண் காணும், கல் காணாது. விளக்கு காட்சியைத் தந்ததன்று. காணும் ஆற்றலை விளக்கிற்று. கல்லுக்கு ஆயிரம் விளக்கேற்றினும் அது காணாது. கலை முதலிய தத்துவங்கள் உயிர்க்கு விளக்கின் நிலையின எனவும், அறிவித்தால் அறிவதே உயிரின் இயல்பு எனவும் நம் நூல்கள் கூறுதல் இப்பொருட்டு. மூளை அவ்விளக்கு நிற்கும் தண்டு என்னலாம். தண்டு முறியின் விளக்கு விழும், அறை இருளும். கண் குருடாயிற்று என்பார் காரணமும் காரியமும் பிரித்தறியார்.

மாயாவாதிகளோடு நாம் வேறுபடுமிடமும் இதுவே. இம்மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் என்னும் இளைஞர், பின்னர் ரமண மகரிஷி என உலகறியப்பட்டவர், 1896 ஜூலையில் மதுரையில் தம் சிறிய தந்தையார் வீட்டு மாடியில் திடீரென மரண அச்சம் தோன்ற, பிணம்போல் நீட்டிப் படுத்து, மூச்சடக்கி, உடல் இறப்பின் யான் இறப்பேனோ என உள்நோக்கினார். உடலின் வேறாய் 'யான்' விளங்குதல் அவர்க்குத் தெளிவாயிற்று. அவர் துறவுக்கும் தவத்திற்கும் வித்தான அந்நிகழ்ச்சியை யாம் பெரிதும் மதிக்கின்றோம். ஆயினும் வாதத்தில் இதனை எடுத்து வீசுதல் தகாது. அவர் மூளை அப்பொழுது பழுதின்றி இருந்தது என மாற்றான் கூறின் நமக்கு மறுமொழி இல்லை. அனுபவம் அனுபவித்தார்க்கே பிரமாணம். மேலும், தானே விளங்குவது ஆன்மா என அத்துவிதிகள் அதனினின்று கொள்வதும் நமக்கு உடன்பாடன்று.

இவ்வாறே, வெடிவிபத்திற் கையிழந்தார் சிலர் இல்லாத கை வலிப்பதாக உணர்வதனை எடுத்துக்காட்டிச் சூக்கும தேகம் மெய்ப்பிக்கப்பட்டது என மகிழ்ந்து எழுதிய கட்டுரையொன்றை யாம் பார்த்தோம். இப்பக்கத்தில் அத்தகையாரை யாமும் அறிவோம்; விரல் மடங்கி இறுகுவதாக இரவில் அழுவர். சென்னையிற் பயின்று அமெரிக்கா சென்ற மூளைநூலார் வி.எஸ். ராமச்சந்திரன், 1990-களில், மற்றைக் கையின் நிழலைக் கண்ணாடியிற் காட்டி அவ்விறுக்கத்தைச் சிலர்க்குத் தளர்த்தினார். கண்ணாடி காட்டத் தீர்வது மூளையிலுள்ள உடற்படத்தின் கோளாறு, சூக்கும தேகமன்று. புருவநடு சாக்கிரத் தானம் என நூல் கூறுதலைக் காட்டி, நம் முன்னோர் மூளையின் முற்பகுதியை அறிந்திருந்தனர் என்பதும் இத்தகைய அவசரமே. நம் நூலுக்கு இவ்வணிகள் வேண்டா.

இனி அவ்வம்மையார் வினாவிற்கு வருவோம்.

1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவினைச் சாவென ஒப்புக்கொண்டது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி இடையிட்டு, இரு முறை சோதித்து ஒப்பமிடல் வேண்டும். விழியில் ஒளிபட்டால் பாவை சுருங்குகின்றதா, செயற்கைச் சுவாசத்தை நிறுத்தினால் தானே மூச்சு எழுகின்றதா என்பன போன்றவற்றைப் பார்ப்பர். தமிழ்நாட்டில் 2008 முதல் இவ்வழி வந்த கொடைகள் பெருகின. 2023 செப்டம்பரில் கொடையாளர் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என அறிவிப்பும் வந்தது. எம்மோடு பேசிய இளம் மருத்துவர் பொறுமையுடையவர். உணர்விழந்து கிடப்பார் எல்லாரும் இந்நிலையினர் அல்லர் என அவர் தெளிவாகக் கூறினார். 2006-இல் இங்கிலாந்தில், உணர்வற்றவளெனக் கருதப்பட்ட 23 அகவைப் பெண்ணொருத்தியைப் பந்தாடுவதாக எண்ணிப் பார்க்கச் சொல்ல, உணர்வுடையார் மூளை கிளர்வது போலவே அவள் மூளை கிளர்ந்ததை ஏட்ரியன் ஓவனும் அவர் துணைவரும் கருவியிற் கண்டனர். அவள் தானே மூச்சு விட்டாள், மூளைத்தண்டு உயிர்ப்போடிருந்தது. ஆகவே விடையளியாமை உயிரின்மைக்கு அடையாளமன்று. மூளைத்தண்டுச் சாவு அதனின் முற்றும் வேறு. அந்நிலையினின்று மீண்டார் இலர். நெஞ்சு துடித்தலோ எனின், நெஞ்சப்பை தன் துடிப்பைத் தன்னுள்ளேயே உடையது, மூச்சுக்காற்று ஊட்டப்படும்வரை துடிக்கும் என்றார் அவர்.

இதனைக் கேட்டபொழுது மூன்றாஞ் சூத்திரத்து ஏது ஒன்று எம் நினைவில் எழுந்தது. உறக்கத்தில் மூச்சு இயங்கியவாறே உளது. நுகர்வும் தொழிலும் இல்லை. ஆகலின் பிராணவாயு உயிரன்று என ஆசிரியர் கூறினார். பன்முறை பாடஞ்சொன்ன ஏது அது; சாளரத்தின் வழி, கருவி ஊதுதோறும் எழுந்து தாழும் அம்மார்பைக் கண்டபின்னரே அதன் பொருள் எமக்கு விளங்கிற்று. மூச்சு இயங்குதல் உயிருண்மைக்குச் சான்றன்று. வேறொருவர் ஊட்டும் மூச்சு அதனினும் சான்றன்று.

ஆயின் இவ்வேது இருபுறமும் அறுக்கும் வாள். நுகர்வு இன்மை உயிரின்மைக்குச் சான்றன்று என்பதும் இதனாற் பெறப்படும். உறங்குவான் இறந்திலன் அன்றோ. சாக்கிரத்தில் 35 கருவிகள், கனவில் 25, சுழுத்தியில் 3, துரியத்தில் 2, துரியாதீதத்தில் 1 என உயிர் படிப்படியே கருவிகளை விட்டுக் கீழிறங்கும். துரியத்தில் எஞ்சிய பிராணனையும் விட்டுத் துரியாதீதத்தில் மூலாதாரத்துத் தனித்துக் கிடக்கும் உயிரும் உடம்பில் உள்ளதே. ஆகவே 'மூச்சில்லை, அறிவில்லை, உயிர் போயிற்று' என நூல்வழி முடிவு கட்ட இயலாது. துரியாதீதத்திற்கும் சாவிற்கும் வேற்றுமை ஒன்றே: முன்னது மீளும்; பின்னது மீளாது.

மீளுமா மீளாதா என்பது எவ்வளவையால் அறியத்தக்கது? உயிரின் இயல்பு நூலால் அறியத்தக்கது. இவ்வுடம்பாகிய கருவி இனிப் பயன்படுமா என்பதோ காட்சிக்கும் கருதலுக்கும் உரியது. அதனை அறிய உரியவர் மருத்துவர். ஆறு மணி இடையிட்டு இருகாற் பார்த்தல் மீட்சி உண்டோ என்பதனையே பார்த்தலாம். இனி, உயிர்க்கு உடம்பு தரப்படுதல் நுகர்வினையின் பொருட்டு. உறங்குவான் உடம்பில் அது எஞ்சியுளது, விழித்து நுகர்வான். ஒருகாலும் நுகர்தற்கு இடமாகாது அழிந்த உடம்பில் நுகர்தற்குரிய வினை எஞ்சியுளது என்றல் பொருந்தாது. ஆதலின் மருத்துவர் கண்டது உண்மையாயின், அவ்வுயிர் புரியட்டகத்தோடு நீங்கிற்று என்பதே நூலோடு மாறுகொள்ளாத முடிபு என அவ்விரவு துணிந்தோம்.

சாத்தனூரில் மூலன் என்னும் ஆயன் இறந்தபின் அவ்வுடம்பிற் சிவயோகியார் புகுந்த வரலாறு நாம் அனைவரும் அறிந்தது. மூலன் மனைவி அவரை அழைத்தாள். அவர் தமக்கும் அவளுக்கும் தொடர்பில்லை என்றார். அவள் கண்முன் நின்றது அவள் கணவன் உடம்பே. அவன் தலை, அவன் முகம், நடை, எல்லாம் உள. அவன் இலன். ஊர்ச் சான்றோர் அவர் நிலையை ஆய்ந்து, அவளுக்கு உண்மையை உரைத்து ஆற்றுவித்தனர். அவ்வூர்ச் சான்றோர் பணி எளிதன்று என்பதனை யாம் மதுரையில் அறிந்தோம்.

இரண்டாஞ் சோதனை முடிந்தது. அவ்வம்மையாரிடம், "அம்மா, அவர் உள்ளே இல்லை என்றே எண்ணுகின்றோம். கொடுப்பது பாவமன்று, கொடாமையும் பாவமன்று" என்றோம். கண்ணப்பரைக் காட்டிக் கொடுக்கத் தூண்டலாம் என அருகிலிருந்த ஒருவர் கூறினார், யாம் உடன்படவில்லை. கண்ணப்பர் தம் கண்ணைத் தாமே இடந்து இறைவற்கு அப்பினார். இது பிறருடம்பு பற்றிய இசைவு, இரண்டும் ஒன்றல்ல. அவ்வம்மையார் கொழுந்தனாரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். நெஞ்சப்பையும் எழுதியிருந்தது. அவ்விடத்தில் மட்டும் கை சிறிது நின்று, பின் சென்றது.

ஆண்டுத் திதி வருகின்றது. இரண்டாஞ் சோதனை முடிந்து சாவு பதியப்பட்டது ஆனி வளர்பிறைத் தசமி மாலையில். அறுவை நடந்து நெஞ்சு நின்றது மறுநாட் காலை ஏகாதசியில். மேலே கூறிய முடிபின்படி தசமியே திதியென யாம் கூறியுள்ளோம். அவர்கள் வீட்டுக் குருக்கள் நெஞ்சு நின்ற ஏகாதசியே என்கின்றார். துரியாதீதத்தில் உயிர் பிராணனின்றியும் உடம்பிற் கிடக்கும் என்பதனைக் காட்டி அவர் எம்மை மடக்கினார், மீட்சியின்மையைக் காட்டி யாம் விடை கூறினோம், அவர் ஏற்றிலர். ஆகமப் பத்ததிகளில் இதற்கு இயைபுடைய விதி உளதாயின், திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்களைச் சார்ந்த வித்துவான்கள் இப்பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க வேண்டுகின்றோம். எம் முடிபு தவறாயின் திருத்திக்கொள்ளக் காத்திருக்கின்றோம். ஆனி பிறக்குமுன் வரின் அவ்வீட்டார்க்கு உதவும்.